குருமடம் சேராத கேப்டன் ராக்கி



இறையழைத்தல் ஞாயிறு வரும்போது குருமடங்களில் பயிலும் மாணவர்களுக்காக நாம் செபிக்கிறோம். இனிமேல் சேரப்போகும் பிள்ளைகளுக்காகவும் செபிக்கிறோம். குருவாக வேண்டும் என்று உறுதியாக முடிவெடுத்து, குருமடத்தின் வாசற்படியை மிதிக்காமலேயே இவ்வுலகை விட்டுச் சென்றவர்களை நினைப்பது குறைவு. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் ஓர் அமெரிக்க இராணுவ அதிகாரி. அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவர். அவரது உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் பெயர் ஹம்பர்ட் ரோக்கே வெர்சேசி. ரோக்கே என்பது நோயாளிகளின் பாதுகாவலராகிய புனித ரோக் பெயரின் ஸ்பானிய வடிவம். வீட்டிலும் வெளியிலும் எல்லாரும் அவரை ராக்கி என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

ராக்கி 1937 ஜூலை 2 அன்று ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தந்தை வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் படித்த படை அதிகாரி. தந்தைக்கு மாற்றல் வரும் இடமெல்லாம் குடும்பமும் போகவேண்டும். எனவே ராக்கியின் பள்ளிப் படிப்பும் ஊர் ஊராக நடந்தது. வாஷிங்டனில் இயேசு சபையினர் நடத்தும் கொன்சாகா பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்தார். பிறகு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஓராண்டு. கடைசி ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் நார்போக் நகரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளியில். அந்தக் குடும்பம் வாழ்ந்த அலெக்சாண்டிரியா நகர் மக்கள் இன்றும் அவரைத் தங்கள் ஊர்ப் பிள்ளை என்றே சொல்கிறார்கள்.

தாயார் தெரே ரியோஸ் ஓர் எழுத்தாளர். புவேர்ட்டோ ரிக்கோ வழியிலும் அயர்லாந்து வழியிலும் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் மகள். அவர் எழுதிய ஒரு சிறு நாவல் 1965-இல் வெளிவந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் பணிபுரியும் எடை குறைந்த ஓர் இளம் கன்னியர், இறக்கை போல் விரிந்த தம் முக்காட்டில் காற்று புகுந்ததும் பறக்கத் தொடங்குகிறார் என்பதுதான் கதை. இந்தக் கதை பின்னர் தொலைக்காட்சித் தொடராக மாறி 1967 முதல் 1970 வரை ஒளிபரப்பானது. அமெரிக்காவில் அந்த நாள்களில் கன்னியர் என்றால் சிறுவர்களுக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பறக்கும் கன்னியர்தான். அந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு, அதன் மூலக்கதையை எழுதிய தாயின் மூத்த மகன், நூல் வெளிவந்த அதே ஆண்டில் ஒரு காட்டுச் சிறையில் கொல்லப்பட்டார் என்பது தெரிந்திருக்கும்?

தந்தையைப் பின்பற்றி ராக்கியும் வெஸ்ட் பாயின்ட் சென்று 1959-இல் பட்டம் பெற்றார். நம்பிக்கையில் ஊன்றிய கத்தோலிக்கர் என்று அவருடைய தோழர்கள் அவரை நினைவுகூருகிறார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறார்கள்: தாம் சொல்வது சரி என்று ராக்கிக்குத் தோன்றிவிட்டால், அவரோடு வாதிட்டு யாரும் மீளமுடியாது. விடமாட்டார். சலிக்கமாட்டார். பிடிவாதக்காரர். புனிதர்களின் வரலாறுகளை எழுதும்போது இப்படிப்பட்ட குணங்களை மெழுகிவிடுவது நம் பழக்கம். ராக்கியின் கதையில் அதை மெழுகினால் பிறகு சொல்வதற்கே ஒன்றும் மிஞ்சாது.

பட்டம் பெற்றபின் ரேஞ்சர் பயிற்சி பெற்றார். காட்டிலும் சதுப்பிலும் மலையிலும் பசியோடும் தூக்கமின்றியும் போரிடப் பழக்கும் கடுமையான பயிற்சி அது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கவும் கற்றார். கொரியாவில் ஓராண்டு டாங்கிப் படைப்பிரிவுத் தலைவராக இருந்தார். நாடு திரும்பியபின், வியட்நாமில் பணிபுரிய விருப்பம் தெரிவித்து, உளவுப் பணிக்கான பயிற்சியும் வியட்நாமிய மொழிப் பயிற்சியும் பெற்றார். 1962 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா தன் பெரும்படைகளை வியட்நாமில் இன்னும் இறக்கியிருக்கவில்லை. தென் வியட்நாம் அரசின் படைகளுக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்டும் ஆலோசகர்களே இருந்தார்கள். ராக்கி, நாட்டின் தென்கோடியில் காமாவ் பகுதியில் உளவுத்துறை ஆலோசகராக இருந்தார். ஆறும் வாய்க்காலும் வயலும் சதுப்புக்காடும் கலந்த பூமி அது. பகலில் அரசு ஆளும், இரவில் வியட்காங் கெரில்லாக்கள் ஆள்வார்கள். இரண்டுக்கும் நடுவே கிராம மக்கள்.

அந்த மக்களிடம்தான் ராக்கியின் மனம் ஒட்டிக்கொண்டது. மொழி தெரிந்ததால் அவர்களோடு நேரடியாகப் பேச முடிந்தது. சிற்றூர்களில் மருந்தகங்கள் அமைக்க உதவினார். கூரைக் கட்டடங்களுக்குத் தகரம் வாங்கிப் போட ஏற்பாடு செய்தார். அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கடிதம் எழுதி, இந்தக் குழந்தைகள் விளையாடக் கால்பந்துகள் வரவழைத்தார். போர் நடக்கும் நாட்டில் கால்பந்து பெரிய காரியமா என்று கேட்கலாம். பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளோடு பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இங்கேதான் அவருடைய அழைத்தல் முற்றியது. ஓராண்டுப் பணி முடிந்தபோது ஊர் திரும்பாமல் மேலும் ஆறு மாதம் இருக்க முன்வந்தார். அது முடிந்ததும் இராணுவத்தை விட்டு விலகி, மேரிநோல் மறைபரப்புச் சபையில் குருத்துவப் படிப்பைத் தொடங்குவது அவருடைய திட்டம். வெளிநாடுகளில் நற்செய்தி அறிவிப்பதற்கென்றே 1911-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சபை அது. குருவானபின் வியட்நாமுக்கே திரும்பி வந்து, ஆதரவற்ற குழந்தைகளிடையே பணிசெய்ய வேண்டும் என்பது அவரது ஆசை. இராணுவ உடையில் பார்த்த முகங்களை, திருப்பலி உடையில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

ஊர் திரும்ப இரண்டு வாரம்கூட இல்லை. 1963 அக்டோபர் 29.

தான் ஃபூ என்ற இடத்தில் அமெரிக்கச் சிறப்புப் படையினரின் முகாம் ஒன்று இருந்தது. உள்ளூர் ஆள்களைக் கொண்டு ஒரு துணைப்படையை அவர்கள் பழக்கி வந்தார்கள். அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வியட்காங் ஆள்கள் தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. அன்று புறப்பட்ட துணைப்படையோடு சிறப்புப் படையின் லெப்டினன்ட் நிக் ரோ, மருத்துவப் பணியாளர் சார்ஜென்ட் டேனியல் பிட்சர் ஆகியோர் போனார்கள். ராக்கி அந்த முகாமைச் சேர்ந்தவர் அல்லர். உளவுத் தகவல் அவருடைய துறை என்பதால் உடன் போனார். எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு பெரிய படை ஒன்று மறைந்திருந்து தாக்கியது. மோர்ட்டார் குண்டுகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் நாற்புறமும் முழங்கின. ராக்கிக்கு முழங்காலிலும் முதுகிலும் காயம். கையிலிருந்த தோட்டாக்கள் தீரும்வரை சுட்டுவிட்டு அவர் பிடிபட்டார். ரோவும் பிட்சரும் பிடிபட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, மரித்தோர் நினைவு நாளாகிய நவம்பர் 2 அன்று, தென் வியட்நாமின் அதிபரும் கத்தோலிக்கருமான நோ தின் தியெம் தம் தம்பியோடு சைகோனில் கொல்லப்பட்டார். அம்மாதம் 22-ஆம் நாள் டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். உலகமே அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தபோது, தென்கோடிச் சதுப்பில் காணாமற்போன மூன்று பேரைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

கைதிகளை ஊ மின் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். அந்தப் பெயருக்கே இருள் என்று பொருள் சொல்வார்கள். தண்ணீரும் சேறும் கொசுவும் அட்டையும் நிறைந்த காடு. ராக்கிக்குக் கிடைத்தது மூங்கில் கூண்டு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம். எழுந்து நிற்க முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. நம் கோவில்களில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுடலைச் சுமந்துவரும் பாடைகூட இதைவிட அகலமாக இருக்கும். காலில் விலங்கு. சோறும் உப்பும், அதுவும் அளவு குறைத்து. காயத்துக்குச் சரியான மருந்து இல்லை.

பிடிபட்ட சில வாரங்களிலேயே அவர் தப்ப முயன்றார். நடக்க முடியாத நிலை. கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து, சேற்றுக்குள்ளும் புதருக்குள்ளும் உடலை இழுத்துக்கொண்டு போனார். பிடித்துவிட்டார்கள். தண்டனை கூடியது. ஆறிய பிறகு மீண்டும் முயன்றார், பிறகும் முயன்றார். விருதுக்கான அரசு ஆவணம் மூன்று முயற்சிகளைக் குறிப்பிடுகிறது. நான்கு என்று சொல்வாரும் உண்டு.

கைதிகளுக்குப் பாடம் நடந்தது. அவர்களுடைய நாடு செய்வது அநீதி என்று ஒப்புக்கொண்டு எழுதித் தரவேண்டும், வானொலியில் பேசவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி போர்க்கைதி ஒருவர் தம் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். ராக்கி அதைத் தாண்டி எதுவும் தர மறுத்தார். அந்த உடன்படிக்கை தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது வியட்காங் தரப்பின் நிலை. அதற்காக ராக்கி ஓய்ந்துவிடவில்லை. நாள்தோறும் அதே உடன்படிக்கையை எடுத்து வைத்தார். பாடம் எடுத்தவர்களோடு ஆங்கிலத்தில் வாதிட்டார், பிரெஞ்சில் வாதிட்டார். காவலுக்கு நிற்கும் எளிய கிராமத்து இளைஞர்களுக்கும் புரியட்டும் என்று வியட்நாமிய மொழியிலும் வாதிட்டார். வகுப்புக்கு இழுத்துவர உங்களால் முடியும், நம்பவைக்க முடியாது என்பதே அவருடைய பதிலின் சாரம். வெஸ்ட் பாயின்டில் தோழர்களைச் சலிப்படைய வைத்த அந்தப் பழைய பிடிவாதம், காட்டில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. கைதிகளில் மூத்த அதிகாரி அவரே. எனவே மற்றவர்களின் பொறுப்பைத் தம்மேல் எடுத்துக்கொண்டார். காவலர்களின் கோபமெல்லாம் அவர்மேலேயே திரும்பியதால், தங்களுக்கு அழுத்தம் குறைந்தது என்பதை உடனிருந்தவர்கள் பிறகு உணர்ந்தார்கள்.

கடைசியில் அவரைத் தனியே பிரித்தார்கள். வாயை அடைத்துத் தனிமையில் வைத்தார்கள். அந்த வட்டாரத்துக் கிராம மக்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் கயிறு கட்டி, வெறுங்காலோடு ஊர் ஊராக அழைத்துச் சென்றார்களாம். இருபத்தாறு இருபத்தேழு வயது இளைஞரின் தலைமயிர் முழுவதும் வெளுத்திருந்தது. மஞ்சள் காமாலையால் முகம் வீங்கி மஞ்சளாகியிருந்தது. அந்த மக்கள் சொன்ன ஒரு செய்தி என்னை விட்டு அகல மறுக்கிறது. உடல் எவ்வளவுக்கு நலிந்ததோ, அவ்வளவுக்கு அவர் புன்னகை செய்தார், கடவுளைப் பற்றிப் பேசினார் என்பதே அது. அவர்களுடைய மொழியிலேயே பேசினார். குருவாகித் திரும்பி வந்து யாரிடம் கடவுளைப் பற்றிப் பேச விரும்பினாரோ, அதே மக்கள். பீடம் இல்லை, திருப்பட்டம் இல்லை, கழுத்தில் திருத்தோள்துகில் தொங்கவேண்டிய இடத்தில் கயிறு.

சக கைதிகள் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டபோது அவர் பாடிக்கொண்டிருந்தார். தம் நாட்டைக் கடவுள் ஆசீர்வதிக்க வேண்டும் என்று வேண்டும் அமெரிக்கப் பாடல் ஒன்றை, தொண்டை கிழியும்படி உரக்கப் பாடினார். பிலிப்பி நகரச் சிறையில் நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடியதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அங்கே நிலநடுக்கம் வந்தது, விலங்குகள் கழன்றன. இங்கே ஒன்றும் கழலவில்லை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். ராக்கி செய்தது விவேகமா? அவரோடு பிடிபட்ட நிக் ரோ வேறு வழியில் போனார். தாம் சிறப்புப் படை அதிகாரி என்பதை மறைத்து, பொறியாளர் என்று ஒரு கதை கட்டினார். கேட்டவர்களுக்குச் சளைக்காமல் அந்தக் கதையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றினார். குட்டு வெளிப்பட்டபின் அவரைக் கொல்ல முடிவானது. 1968 டிசம்பர் 31 அன்று, காவலரை வீழ்த்திவிட்டு ஒரு வெட்டவெளிக்கு ஓடி, மேலே பறந்த அமெரிக்க ஹெலிகாப்டரைக் கைகாட்டி அழைத்தார். கறுப்புக் கிராமத்து உடையில் இருந்த அவரை எதிரி என்று நினைத்துச் சுடவிருந்தவர்கள், தாடியைக் கண்டு நிறுத்தினார்கள். ஐந்தாண்டுச் சிறைக்குப் பின் உயிரோடு வீடு திரும்பினார். பிட்சரும் 1967 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். ராக்கி மட்டும் வரவில்லை.

நான் குருமடத்தில் படித்தபோது, பொய் சொல்வது எப்போதும் பாவமா என்ற கேள்வி ஒழுக்கவியல் வகுப்பில் பல நாள்கள் ஓடியது. புனித அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்குவினாரும் எந்தப் பொய்யையும் ஏற்கவில்லை. வகுப்பில் பாதிப்பேர் அவர்களோடு சண்டைக்கு நின்றோம். விவிலியத்தில் இரண்டு காட்சிகளும் இருக்கின்றன. காத்து நகரின் அரசன் ஆக்கிசிடம் சிக்கிய தாவீது, பைத்தியம்போல் நடித்து, தாடியில் எச்சில் வழியவிட்டு உயிர் தப்பினார். மக்கபேயர் இரண்டாம் நூலில் முதியவர் எலயாசரைப் பார்க்கிறோம். தடைசெய்யப்பட்ட இறைச்சியை உண்ணவேண்டாம், உண்பதுபோல் நடித்தால் போதும் என்று அவரை நேசித்தவர்களே கெஞ்சினார்கள். தொண்ணூறு வயதில் நான் நடித்தால் அதைப் பார்க்கும் இளைஞர்கள் வழிதவறிவிடுவார்களே என்று மறுத்து அவர் உயிர்விட்டார். தாவீதைத் திருச்சபை கோழை என்று தள்ளிவிடவில்லை. எலயாசரை மூடர் என்றும் சொல்லவில்லை. நிக் ரோவை நான் குறைகூற மாட்டேன். உயிர் கடவுள் தந்த கொடை, அதைக் காக்க அவர் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் ராக்கிக்கு நடிக்க வரவில்லை. அவருடைய உள்ளமும் நாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. என் எண்ணத்தில், அவர் நல்ல குருவாக ஆகியிருப்பார். சற்றுக் கடினமான உதவிப் பங்குத்தந்தையாகவும் இருந்திருப்பார்!

1965 செப்டம்பர் 26 அன்று வியட்காங் தரப்பின் விடுதலை வானொலி ஓர் அறிவிப்பைத் தந்தது. கேப்டன் வெர்சேசிக்கும் சார்ஜென்ட் கென்னத் ரோராபேக் என்ற இன்னொரு கைதிக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்றது. தா நாங் நகரில் சைகோன் அரசு தங்கள் ஆள்களைக் கொன்றதற்குப் பதிலடி என்றும் காரணம் சொன்னது. கைதிகளைப் பழிவாங்கும் பொருளாக ஆக்கக்கூடாது என்பது ராக்கி நாள்தோறும் எடுத்துச் சொன்ன அதே உடன்படிக்கையின் விதி. அப்போது அவருக்கு வயது 28.

அந்த நாள்களில் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி அமர்வு நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு வந்த எட்டாம் நாள், அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் அசிசியார் திருநாள் அன்று, திருத்தந்தை ஆறாம் பவுல் நியூயார்க் சென்று ஐக்கிய நாடுகள் அவையில் உரையாற்றினார். போர் இனி வேண்டவே வேண்டாம் என்று உலகத் தலைவர்களிடம் மன்றாடினார். டிசம்பர் 7 அன்று சங்கம் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டில், காயமுற்ற வீரர்களையும் கைதிகளையும் நடத்தும் முறை பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைகள் மதிக்கப்பட வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. உடலையும் மனத்தையும் வதைப்பதைப் படைத்தவருக்கே இழைக்கும் அவமதிப்பாக அதே ஏடு கண்டிக்கிறது. ஆயர்கள் பேராலயத்தில் அமர்ந்து எழுதியதை, ஓர் இளைஞர் மூங்கில் கூண்டுக்குள் அமர்ந்து மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் போரையே நியாயப்படுத்த நான் இதை எழுதவில்லை. அதில் இலட்சக்கணக்கான வியட்நாமியர் மடிந்தார்கள். இரு தரப்பிலும் கொடுமைகள் நடந்தன. ராக்கியின் கூண்டுக்குக் காவல் நின்ற இளைஞர்களுக்கும் வீட்டில் தாய்மார் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் குண்டுவீச்சுக்குத் தப்பினார்களோ, இறைவனுக்கே தெரியும். ராக்கியை மறைச்சாட்சி என்றும் நான் சொல்ல வரவில்லை. நம்பிக்கையின் மீதான வெறுப்பால் கொல்லப்படுபவரையே திருச்சபை அப்படி அழைக்கிறது. ராக்கி ஆயுதம் ஏந்தி வந்தவர், பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டவர். இதே வியட்நாமில் மூங்கில் கூண்டில் அடைபட்ட ஒரு மறைச்சாட்சி உண்டு. பிரெஞ்சு மறைப்பணியாளர் புனித தெயோபான் வெனார், கூண்டுக்குள் இருந்தபடியே குடும்பத்தாருக்குக் கடிதங்கள் எழுதி, 1861 பிப்ரவரி 2 அன்று தலைவெட்டப்பட்டார். குழந்தை இயேசுவின் புனித தெரசாவுக்கு மிகவும் பிடித்தமான புனிதர் அவர். வெனார் ஆயுதமின்றி, குருவாக அந்த நாட்டுக்குப் போனார். ராக்கி ஆயுதத்தோடு போனார், குருவாகத் திரும்பிப் போக விரும்பினார். இருவரையும் ஒன்றாக்கவேண்டாம். ஆனால் அந்த இரு கூண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

உடல் வீடு வந்துசேரவில்லை. அடக்கத் திருப்பலியில் தீர்த்தம் தெளிக்க ஒரு பெட்டி வேண்டும், தூபம் காட்ட ஒரு பெட்டி வேண்டும். தாய் கைவைத்து அழ ஒரு பெட்டி வேண்டும். அது இல்லாத வீட்டில், வானொலியில் வந்த செய்தியை நம்புவதா வேண்டாமா என்பதே முதல் சிலுவை.

தப்பி வந்த நிக் ரோ, தம் தோழரை மறக்கவில்லை. 1969-இல் அதிபர் நிக்சனைச் சந்தித்தபோது ராக்கியைப் பற்றிச் சொன்னார். மெடல் ஆஃப் ஆனர் என்னும் மிக உயர்ந்த விருதுக்குப் பரிந்துரை சென்றது. நம் நாட்டின் பரம் வீர் சக்கரத்தைப் போன்ற விருது அது. கோப்பு மேசை மேசையாகப் போனதில் விருதின் தரம் இறங்கி, 1971-இல் வெள்ளி நட்சத்திரப் பதக்கமாக வந்தது. நிக் ரோ கைதிகள் தாக்குப்பிடிப்பது எப்படி, தப்புவது எப்படி என்று படைவீரர்களுக்குக் கற்பிக்கும் பயிற்சியை உருவாக்கினார். 1989 ஏப்ரலில் மணிலா அருகே அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். அலெக்சாண்டிரியா நகரத்தாரும், பழைய தோழர்களும், குடும்பத்தாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ராக்கியிடமிருந்து அவர்களுக்குத் தொற்றிக்கொண்ட பிடிவாதமோ என்னவோ!

2002 ஜூலை 8 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஜார்ஜ் புஷ் அந்த விருதைக் குடும்பத்தாரிடம் வழங்கினார். வியட்நாம் போரில் சிறையில் காட்டிய வீரத்துக்காக அதைப் பெற்ற முதல் தரைப்படை வீரர் ராக்கி. எதிரிகளால் உடைக்க முடியாதவை எவை என்று விருதுக்கான ஆவணம் சொல்லும்போது, அவருடைய மனஉறுதி, நாட்டின்மீது வைத்த பற்று ஆகியவற்றோடு, கடவுள்மீது அவர் கொண்ட நம்பிக்கையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. தாயார் அதைக் கேட்க இல்லை. தெரே ரியோஸ் 1999-இல் இறந்துவிட்டார்.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் உடல் கிடைக்காதவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ராக்கியின் பெயர் பொறித்த வெள்ளைக் கல் நிற்கிறது. கீழே வெறும் மண். அவர் பிறந்த ஹொனலூலுவிலும், காணாமற்போன வீரர்களின் நினைவுச் சுவரில் அவர் பெயர் இருக்கிறது.

அலெக்சாண்டிரியாவில் 2002-இல் ஒரு சிலை திறக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகள் விளையாட வரும் பொழுதுபோக்கு மையத்தின் முன்னால் அது இருக்கிறது. இராணுவ உடையில் ராக்கி. அவரோடு இரண்டு வியட்நாமியக் குழந்தைகள்.